தடித்த சோல் சப்பாத்து: எதைக் கண்காட்சிக்கு வைப்பது, எதைப் போட்டு மேடையில் நடப்பது?

சுங்கை மல்லி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் காலணி வரலாறு பற்றி ஒரு சிறிய கண்காட்சி வைக்கிறோம். ஐந்து மேசை. அதில் ஒன்று முழுக்கத் தடித்த சோல் வைத்த செருப்பும் சப்பாத்தும். அன்று மாலை 16, 17 வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் 1970களின் உடையில் மேடையில் நடக்கிறார்கள். மேடை நீளம் 7 மீட்டர், பாலிஷ் போட்ட சிமெண்டுத் தரை, ஏறுவதற்கு மூன்று படி.

நான்கு சந்தேகம்.

மேசையில் கிரேக்க நாடக நடிகர், வெனிஸ் பெண்கள், பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் சிவப்புக் குதிகால், பிறகு நேராக டிஸ்கோ காலம் என்று வரிசை போட்டிருக்கிறேன். இது சரியா, நடுவில் எதையாவது விட்டுவிட்டேனா?

இரவலாக ஒரு பழைய ஜோடி வந்திருக்கிறது. மேல் தோல் நன்றாகவே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் சோல் நனைந்த பிஸ்கட் போல உதிர்கிறது. அதிகம் போடாத ஜோடி என்கிறார்கள். ஏன் இப்படி ஆனது? ஒட்டிச் சரி செய்யலாமா?

எட்டு ஜோடியை நாங்களே செய்ய முடியுமா? கையில் 400 ரிங்கிட் இருக்கிறது.

கடைசியாக, எல்லாம் ஐரோப்பாவாகவே இருக்கிறது. நம் ரப்பர் தோட்டப்புறத்துக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா?

தோல்பட்டறை:

மல்லி, முதல் வேலையாக அந்தப் பழைய ஜோடியை யாரும் காலில் மாட்டிப் பார்க்காமல் எடுத்து வையுங்கள். நின்ற நிலையிலேயே சோல் பிளந்துவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது பாலியூரித்தேன், கடைக்காரர்கள் பி.யூ. சோல் என்பார்கள். உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரொட்டியை அறுத்தால் தெரிவது போல நுண்ணிய குமிழிகள் தெரியும். நகத்தால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும், மேலே எழும்பாது. காற்றில் உள்ள ஈரம் அந்தப் பொருளுக்குள் இறங்கி, அதன் மூலக்கூறு இணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டிவிடுகிறது. வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. பி.யூ.விலும் பாலியெஸ்டர் வகைக்குத்தான் இந்த நோய் கடுமை, பாலியீத்தர் வகை தாங்கும். போடாமல் வைத்திருந்தால் புதிதாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரத்துக்குப் போட்டதும் போடாததும் ஒன்றுதான். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் அங்கேயே இருந்து வேலை செய்யும்.

ஒரு சோல் கெட்டிருக்கும் விதமே அது எந்தப் பொருள் என்று சொல்லிவிடும். பி.யூ. உதிரும். பி.வி.சி. மேலே பிசுபிசுப்பாகக் கசியும், ஏனென்றால் அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வெளியே வருகிறது. ரப்பர் மடங்கும் இடத்தில் முடி போல வெடிப்பு விடும். ஈவா என்ற இலேசான நுரைப் பொருள் உதிராது, ஆனால் குதிகால் பக்கம் அமுங்கி மீளாமல் போகும். தக்கை ஓரம் சிதறும், மரம் நாரோடு நீளவாக்கில் பிளக்கும். கொடுத்தவர் 1950களின் செருப்பு என்று சொல்லியிருந்தால் அட்டையில் அப்படி எழுதாதீர்கள். பி.யூ. சோல் 1960களின் கடைசியிலிருந்துதான் காலணியில் பரவியது.

கண்காட்சிக்குத்தான் என்றால் சோல் மாற்றவே வேண்டாம். ஓரம் உயர்ந்த வெள்ளைத் தட்டில் வையுங்கள், உதிர்வது தட்டிலேயே நிற்கும். சப்பாத்துக்குள் வெள்ளைக் காகிதத்தைக் கசக்கித் திணித்தால் மேல் தோல் சரியாது. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். எடுக்கும்போது கையுறை, முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூள் மற்ற காலணி மேல் விழாமல் தள்ளி வையுங்கள்.

கொடுத்தவர் மறுபடி போட வேண்டும் என்றால் சோல் முழுவதையும் கழற்றி வேறு போடுவதுதான் வழி. உதிரும் பி.யூ. மேல் எந்தக் கம்மும் நிற்காது. கம் பிடித்துக்கொள்ளும், அதன் கீழே இருக்கும் பி.யூ. தன்னிடமிருந்தே பிய்ந்து வரும். மழுங்கிய கத்தியால் சுரண்டி, 60 முதல் 80 எண் உப்புத்தாளால் பழைய பி.யூ. ஒரு புள்ளி கூட இல்லாமல் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒட்டு வேலை. எட்டு ஜோடி செய்வது பற்றி, எவ்வளவு உயரம் என்று நீங்கள் முடிவு செய்ததும் எழுதுகிறேன்.

நிலாக்குறிப்பு:

மல்லி, லூயி மன்னரை இந்த மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவருடையது குதிகால். குதிகால் பாதத்தின் பின்பக்கத்தை மட்டும் தூக்கும். தடித்த சோல் பாதம் முழுவதையும் தூக்கும். வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கில் காட்டிவிடலாம்: குதிகால் 11 செ.மீ., முன்பக்கச் சோல் 5 செ.மீ. என்றால் பாதம் உணரும் சரிவு 6 செ.மீ. மட்டுமே. ஆள் உயர்வார், பாதம் அவ்வளவாகச் சரியாது. மெல்லிய குதிகாலில் நிற்க முடியாதவர்கள் தடித்த சோலில் நிற்க முடிவது இதனால்தான்.

கிரேக்க நடிகரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அட்டையில் கவனம் வேண்டும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் மேடையில் போட்ட கொத்தோர்னோஸ் மெல்லிய சோல் வைத்த மிருதுவான பூட்ஸ். வலம் இடம் வேறுபாடு கூட அதற்குக் கிடையாது. சோல் தடித்தது பிற்காலத்தில், ரோமானியர் காலத்து மேடையில் இன்னும் உயர்ந்தது. "பிற்காலக் கிரேக்க, ரோமானிய நாடக மேடை" என்று எழுதினால் தவறு வராது.

மேசையின் நடுவில் வெனிஸின் சொப்பீன் என்ற உயரக் கட்டைச் செருப்பை வையுங்கள். 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை வெனிஸிலும் ஸ்பெயினிலும் பெண்கள் போட்டது. ஸ்பெயினில் தக்கை கிடைத்தது, அங்கே தக்கை. வெனிஸில் மரம், மேலே தோலோ வெல்வெட்டோ போர்த்தியது. வெனிஸின் கொரேர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜோடி ஏறக்குறைய 50 செ.மீ. உயரம். பள்ளி அடிக்கோல் 30 செ.மீ. என்பதால், அதைப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாலே பிள்ளைகளுக்குப் புரியும். 1430இலேயே வெனிஸ் அரசு உயரத்துக்குச் சட்டம் போட்டுப் பார்த்தது, பெண்கள் கேட்கவில்லை. தெருச் சேற்றுக்காகப் போட்டார்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் சேற்றுக்கு 50 செ.மீ. தேவையில்லையே. உயரம் கூடினால் பாவாடையின் நீளம் கூடும், அதற்குப் பட்டு கூடுதலாக வாங்க வேண்டும். வெனிஸில் சொப்பீன் பாவாடைக்குள் மறைந்தே இருந்தது. ஊர் பார்த்தது அதை மூடிய துணியின் நீளத்தையும், அவள் நடக்கத் தோள் கொடுத்த பணிப்பெண்களையும்தான். நம் பக்கத்தில் சேலைக் கரையின் அகலத்தை வைத்து வீட்டை எடை போடுவது போலத்தான்.

சேற்றுக்கும் ஈரத்துக்கும் என்றே பிறந்தவை தனி. ஐரோப்பாவில் சப்பாத்துக்குக் கீழே மாட்டிக்கொண்ட மரப்பலகை, சில வகையில் அடியில் இரும்பு வளையம் இருக்கும். துருக்கிக் குளியல் கூடங்களில் முத்துச்சிப்பி பதித்த நலின் என்ற மரச்செருப்பு. ஜப்பானில் அடியில் இரண்டு பல் வைத்த கெத்தா என்ற மரச்செருப்பு. சீனாவை ஆண்ட சிங் அரசின் மஞ்சு இனப் பெண்களுடையது இன்னொரு வகை: பாதத்தின் நடுவில் மட்டும் பூச்சட்டி போல ஒரு கட்டை. சீனப் பெண்களைப் போலப் பாதத்தைக் கட்டி வளர்ப்பது அவர்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தது. கட்டை மேல் நின்றால் நடை தானாகவே சின்னச் சின்ன அடியாக மாறியது.

நீங்கள் விட்டுவிட்ட பெரிய ஆள் இத்தாலியக் காலணி வடிவமைப்பாளர் சால்வத்தோரே ஃபெர்ராகமோ. 1935இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது, நாடுகள் சேர்ந்த சர்வதேச சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை போட்டது. உயர்ந்த குதிகால் செருப்பில் பாத வளைவுக்குக் கீழே ஒரு எஃகுத் தகடு இருக்கும், அது இல்லாவிட்டால் செருப்பு நடுவில் முறியும். அந்த நல்ல எஃகு கிடைக்காமல் போனது. ஃபெர்ராகமோ என்ன செய்தார் என்றால், வளைவுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையே சார்டினியாத் தீவின் தக்கையால் அடைத்துவிட்டார். தாங்க வேண்டிய இடைவெளியே இல்லாதபோது தகடு எதற்கு? இன்று வெட்ஜ் என்று கடையில் கேட்டு வாங்குவது இதுதான். 1938இல் ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்டுக்காக அவர் செய்த வானவில் செருப்பின் படத்தை அவசியம் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். தக்கை அடுக்கு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறத்தில் மென்தோல் சுற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி, மேலே தங்க நிறப் பட்டைகள். பக்கவாட்டில் பார்த்தால் நம் கண்ணுக்கு அடுக்குக் குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரியே இருக்கும். பிள்ளைகள் அந்த ஒன்றில்தான் நின்றுவிடுவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் தோல் முழுக்கப் படைவீரர் பூட்ஸுக்குப் போனது. 1943 பிப்ரவரியில் அமெரிக்காவிலேயே தோல் சப்பாத்துக்குப் பங்கீடு வந்தது. பிரான்சில் மரச்சோல். மரம் வளையாது என்பதால் குறுக்கே வெட்டுப் போட்டும், கீல் வைத்தும் வளைய வைத்தார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் ஊசிக் குதிகால் வந்து, பெண்கள் பக்கம் தடித்த சோல் காணாமல் போனது.

1970களுக்கு வந்தால் ஆண்களும் போட்டார்கள் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். எல்டன் ஜான், டேவிட் போவி, கிஸ் குழு என்று ராக் இசைக்காரர்கள் எல்லாரும் மேடையில் அதைத்தான் போட்டார்கள். பெல்பாட்டமும் இந்தச் சோலும் ஒன்றுக்கொன்று துணை. கால்சட்டையின் விரிந்த கரை சோலை மூடிவிடும், முட்டிக்குக் கீழே கால் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, ஆள் நெடுநெடுவென்று தெரிவார்.

அதற்குப் பிறகு மூன்று படம் போதும். 1993 மார்ச்சில் பாரிஸ் மேடையில் உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டின் நீல நிறச் சப்பாத்தில் மாடல் நவோமி கேம்பல் விழுந்தது. குதிகால் 20 செ.மீ.க்கு மேல். அந்த ஜோடி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்தது 1990களின் பிற்பாதியில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாடகியர் குழு பிரபலமாக்கிய பஃபலோ சப்பாத்து. மூன்றாவது 2009 அக்டோபரில் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மக்குவீன் காட்டிய அர்மடில்லோ பூட்ஸ், ஏறக்குறைய 30 செ.மீ.

1950களில் ஆண்கள் பக்கம் மட்டும் தடித்த சோல் ஏன் மறையவில்லை என்பதற்கு ரப்பர்தான் பதில். அதை பால்மங்கு ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

பால்மங்கு:

சொல்கிறேனம்மா. மல்லி, உன் நான்காவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

போருக்குப் பிறகு இங்கிலாந்து இளைஞர்கள் போட்ட தடித்த சோல் கிரீப்பர் சப்பாத்தை ஜார்ஜ் காக்ஸ் நிறுவனம் 1949இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கிளார்க்ஸ் நிறுவனத்தின் டெசர்ட் பூட்ஸ் வந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்ட பூட்ஸ்தான் அதற்கு முன்மாதிரி. இரண்டுக்கும் சோல் கிரேப் ரப்பர். கிரேப் ரப்பர் செயற்கை இல்லை, பால்மரத்து, அதாவது ரப்பர் மரத்துப் பால். மலாயாவும் இலங்கையும் தோட்ட ஸ்டோரில், அதாவது பால் பதப்படுத்தும் கொட்டகையில் செய்து ஏற்றுமதி செய்த சரக்கு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புகை போட்ட ரப்பர் ஷீட்டு தெரியும். கிரேப் அதிலிருந்து வேறு. பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, பழுப்பு ஏறாமல் இருக்கச் சோடியம் பைசல்பைட் சேர்ப்பார்கள். வெளிர் நிறம் வேண்டும் என்றால், முதலில் கொஞ்சம் மட்டும் உறைய விட்டு, அதோடு சேர்ந்து வரும் மஞ்சளை அள்ளி எடுத்துவிடுவார்கள். மீதிப் பாலை ஃபார்மிக் அமிலத்தால் உறைய வைத்து உருளையில் விடுவார்கள். ஷீட்டு உருளை இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். கிரேப் உருளை இரண்டும் வேறு வேறு வேகம். ஒன்று இழுக்க மற்றது பிடிக்க, ரப்பர் கிழிந்து கிழிந்து மறுபடி ஒட்டிக்கொண்டு வரும், மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சுருக்கம் விழுவது இப்படித்தான். புகைக்கூண்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். மாடியில் துணி உலர்த்துவது போலத் தொங்கவிட்டு, காற்றிலேயே காய வைப்பார்கள்.

காய்ந்த தாள் மெல்லியது. சோலுக்கு வேண்டிய கனம் வரும் வரை தாள் மேல் தாள் அடுக்கி உருட்டி அழுத்துவார்கள். கம் எதுவும் கிடையாது, பச்சை ரப்பர் தன்னோடு தானே ஒட்டும். அதனால் நல்ல கிரேப் சோலின் ஓரத்தைப் பார்த்தால் பத்திரிகைக் கட்டின் ஓரம் போல வரி வரியாகத் தெரியும். இப்போது கடையில் வரும் பாதிச் சரக்கு அச்சில் வார்த்த போலி. மேலே உள்ள சுருக்கம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும், ஓரத்தில் வரி இருக்காது. கண்காட்சிக்கு வாங்கும்போது ஓரத்தைத் திருப்பிப் பார்.

கந்தகம் போட்டு வேக வைக்காத ரப்பர் என்பதால் கிரேப்புக்கு நடை மெத்தென்று இருக்கும், தோலும் மிச்சம். பங்கீட்டுக் காலம் முடிந்தும் முடியாமலும் இருந்த இங்கிலாந்தில் கனமான சோல் தாராளமாகப் போட முடிந்தது. குறையும் அதே இடத்தில்தான். குளிரில் இறுகும், வெயிலில் ஒட்டும், தரையில் இருக்கும் அழுக்கை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தேங்காய் எண்ணெய் எதுவும் படக்கூடாது, ஊறிக் கூழாகிவிடும். கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு உருண்டு வரும்.

பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் பக்கம் இன்றும் மரமாக நிற்கிறது. ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதையின் வழி வந்தது. அந்த மரத்தின் படம் ஒன்று, கிரேப் துண்டு ஒன்று, பால் பிடிக்கும் மங்கு, பால்வெட்டும் கத்தி, கிரீப்பர் சப்பாத்துப் படம். இந்த ஐந்தையும் சேர்த்து வை. ஆனால் "இந்தச் சப்பாத்தின் ரப்பர் சுங்கை சிப்புட்டிலிருந்து போனது" என்று எழுதிவிடாதே. கப்பலில் ஏறிய பிறகு எந்தத் தோட்டத்துச் சரக்கு எந்தச் சோலுக்குப் போனது என்று சொல்ல வழியில்லை. மலாயா, இலங்கை என்று எழுது, அது நிற்கும்.

சுங்கை மல்லி:

அண்ணே, அக்கா, ஐயா, மூவருக்கும் நன்றி. லூயியைக் குதிகால் மேசைக்கு மாற்றிவிட்டேன். பழைய ஜோடியைத் தட்டில் வைத்தாயிற்று.

எட்டு ஜோடி: குதிகால் 6 செ.மீ., முன்பக்கம் 4 செ.மீ. என்று முடிவு. பெண்கள் ஆறு பேர், 36 முதல் 40 வரை அளவு. பையன்கள் இருவர், 42, 43. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடும் புதிர்ப்பாய் ஈவாதான் என்கிறார்கள், அதை அடுக்கலாமா? மரத்தில் செய்தால் உண்மையாக இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார்.

தோல்பட்டறை:

புதிர்ப்பாய் வேண்டாம். அது மிக மிருது. 60 கிலோ ஆள் நின்றால் ஒரு பக்கம் அதிகமாக அமுங்கும், கணுக்கால் வெளிப்பக்கமாகச் சாயும். தடித்த சோலில் விபத்து பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, முன்னால் தடுக்கி விழுவதை விடப் பக்கவாட்டில் மடங்குவதுதான் அதிகம். சப்பாத்துச் சாமான் கடையில் சோலுக்கு என்றே விற்கும் கெட்டி ஈவா, 10 மி.மீ. தாள் கேளுங்கள். கட்டை விரலால் முழு பலத்தோடு அழுத்தினால் லேசாகத்தான் பள்ளம் விழ வேண்டும். மரத்தையும் விடுங்கள். ஜெலுத்தோங் போன்ற இலேசான மரத்தில் செய்தாலும் ஒரு காலுக்கு 400 கிராம் வரும். ஈவாவில் 150 முதல் 200 கிராம். கனமான சோலைத் தூக்கி வைக்கப் பழக்கம் இல்லாத பிள்ளை காலை இழுத்து நடக்கும், படியில் நுனி இடிக்கும்.

அடிப்படைக்குத் தட்டையான செருப்பு வாங்குங்கள். கணுக்கால் வார் கட்டாயம் வேண்டும். விரல் இடுக்கு வார் மட்டும் இருந்தால் போதாது. அவரவர் அளவிலேயே வாங்குங்கள், "அக்கா செருப்பு கொஞ்சம் பெரிசு" என்பது தட்டைச் செருப்பில் ஓடும், இதில் ஓடாது.

கணக்கு: ஒரு காலுக்கு முழு நீளத் துண்டு 4, குதிகாலுக்கு அரைத் துண்டு 2. முழுத் துண்டு 26க்கு 10 செ.மீ., அரைத் துண்டு 12க்கு 9 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் எட்டு ஜோடிக்கு முழுத் துண்டு 64, அரைத் துண்டு 32. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தாளில் முழுத் துண்டு 30, மிச்ச ஓரத்தில் அரைத் துண்டு 16 விழும். மூன்று தாள் வாங்கினால் பையன்களின் பெரிய அளவுக்கும், வெட்டும்போது கெட்டுப்போவதற்கும் சேர்த்து இருக்கும்.

செருப்பைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். மேல் அடுக்கை அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். கீழே போகப் போக அகலம் கூட வேண்டும், கடைசி அடுக்கு சுற்றிலும் 4 மி.மீ. அகலமாக இருக்கட்டும். மேலே அகலம் கீழே குறுகல் என்று செய்தால் பார்க்க ஸ்டைலாக இருக்கும், கால் மடங்கும். அரைத் துண்டு இரண்டையும் செருப்புக்கு நேர் கீழே, முழு அடுக்குகளுக்கு மேலே வைக்க வேண்டும். அதன் முன் ஓரத்தைப் படியாக விடாமல் சரிவாகச் சீவி ஒன்றுமில்லாமல் ஆக்குங்கள்.

இனி எல்லாரும் மறக்கும் வேலை. 4 செ.மீ. ஈவா விரல் மடங்கும் இடத்தில் மடங்காது. மடங்காத சோல் உருள வேண்டும். விரல் நுனியிலிருந்து 8, 9 செ.மீ. பின்னால் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து நுனி வரை அடிப்பக்கத்தைச் சாய்வாக அறுத்து, நுனியில் தரைக்கும் சோலுக்கும் 1.5 செ.மீ. இடைவெளி வரும்படி செய்யுங்கள். படகின் முன்பக்கம் போல. குதிகாலின் பின் ஓரத்திலும் அரை செ.மீ. சீவுங்கள். இது இல்லாமல் செய்த ஜோடியில் நடந்தால் பலகை மேல் நடப்பது போலத் தட்டுத் தட்டென்று சத்தம் வரும், குதிகால் செருப்பை விட்டு எழும்பும், வார் அறும்.

ஒட்டும் முறை: ஈவாவின் மேல் பளபளப்பு போகும் வரை ஒவ்வொரு முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். ஈவாவுக்குரிய பிரைமர் கடையில் கிடைத்தால் ஒரு கை பூசிக் காய விடுங்கள். பிறகு சப்பாத்துக்குப் பூசும் மஞ்சள் கம் இரண்டு பக்கமும் மெல்லிசாக. 10 முதல் 15 நிமிடம். விரல் வைத்தால் ஒட்டாமல் இருக்க வேண்டும். இரண்டாவது கை பூசி மறுபடி அதே நேரம். வெப்பக் காற்றால் லேசாகச் சூடாக்கி, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி நேராக வைத்து, ரப்பர் சுத்தியால் நடுவிலிருந்து வெளியே தட்டுங்கள். வைத்த பிறகு நகர்த்த முடியாது. 24 மணி நேரம் தொடாதீர்கள். செருப்பின் சொந்த அடி பி.வி.சி. அல்லது பி.யூ. ஆக இருந்தால், செருப்புக்கும் ஈவாவுக்கும் நடுவில் மட்டும் மஞ்சள் கம் வேண்டாம், பி.யூ. கம் வாங்குங்கள். பி.வி.சி.யிலிருந்து கசியும் பொருள் மஞ்சள் கம்மை இளக்கி, சில வாரத்தில் சோல் தொங்கும்.

ஓரம் திறந்துகொண்டால் காரணம் இந்த நாலில் ஒன்று: பளபளப்பைத் தேய்க்கவில்லை, கம் தடிமன், காயும் முன்பே ஒட்டியது, அல்லது மழை நேரத்தில் ஒட்டியது. நாலாவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கம் காயும்போது அதன் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படலமாக இறங்கும், பார்த்தால் லேசாக வெள்ளை பூத்திருக்கும். சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மழைக்கு முன்னால், காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் கொசுவத்தி, சாமி விளக்கு, சாம்பிராணி எதுவும் எரியக்கூடாது. கம்மிலிருந்து எழும் ஆவி தீப்பிடிக்கும். கம்மைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் பெரியவர்களே பூசுங்கள்.

அடியில் 3 மி.மீ. வரி போட்ட ரப்பர் தாள். வெறும் ஈவா பாலிஷ் சிமெண்டில் வழுக்கும். முடித்ததும் குதிகாலையும் நுனியையும் பிடித்து, துணி பிழிவது போலத் திருகிப் பாருங்கள். எங்கேயாவது கோடு போல வாய் திறந்தால் அந்த ஜோடி மேடைக்குப் போகக்கூடாது. வெயிலில் நிற்கும் கார் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், அந்தச் சூட்டில் கம் இளகும்.

நிலாக்குறிப்பு:

உடை பற்றி இரண்டு வரி. பெல்பாட்டம் கரையை இப்போதே தைத்து முடித்துவிடாதீர்கள். சோல் தயாரானதும் போட்டு நிற்க வைத்து, குதிகால் பக்கம் தரையிலிருந்து 1.5 செ.மீ. மேலே வரும்படி ஊசி குத்திக்கொள்ளுங்கள். முன்பக்கம் சப்பாத்தின் மேல் படிந்து நிற்கட்டும். தரையைத் தொடும் கரைதான் படியில் காலுக்குள் சிக்கும்.

குறைந்தது மூன்று நாள், நாளுக்கு 15 நிமிடம் நடந்து பழகட்டும். அடி சிறியதாக, பாதம் முழுவதும் ஒன்றாக இறங்க வேண்டும். திரும்பும் இடத்தில் ஒற்றைக் காலில் சுழலக் கூடாது, மூன்று சின்ன அடியில் திரும்ப வேண்டும். மூன்று படி இருக்கிறதே, அதன் ஓரத்தில் கை கொடுக்க ஒருவர் நிற்கட்டும். வெனிஸ் சீமாட்டிகளும் அப்படித்தான் நடந்தார்கள் என்று அறிவிப்பாளர் சொல்லிவிடலாம்.

சொப்பீன் மாதிரி செய்தால் கண்ணாடிக்குள் மட்டும். யாரும் ஏறி நிற்க வேண்டாம்.

சுங்கை மல்லி:

பால்மங்கு ஐயா, பாசாரில் சீனர் கடையில் சிவப்பு நிறத் தெரொம்பா, அதாவது மரக்கட்டைச் செருப்பு, ஒரு ஜோடி கிடைத்தது. மேசையில் அதற்கு எந்த இடம்? தோட்டத்தில் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்தும் ஒருவர் தருகிறார்.

பால்மங்கு:

தெரொம்பாவை ஜப்பான் கெத்தாவுக்கும் துருக்கி நலினுக்கும் நடுவில் வை. மூன்றும் ஈரத் தரைக்குப் பிறந்தவை. நம் பாதக்குறடு படம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதில் வார் இல்லை, கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பிடிக்க ஒரு குமிழ். தெரொம்பாவைக் கவிழ்த்து ஒன்று, நிமிர்த்தி ஒன்றாக வை. கவிழ்த்ததில் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் அதைப் பிள்ளைகளிடம் காட்டு, போட்டவர் எப்படி நடந்தார் என்று தெரியும். மேல் வார் இரண்டு பக்கமும் சின்ன ஆணியால் அடித்தது. அந்த ஆணித் தலை துருப்பிடித்து எழும்பியிருக்கிறதா பார், எழும்பியிருந்தால் மேசைத்துணியைக் கிழிக்கும், கையையும் கீறும். மெதுவாகத் தட்டி உள்ளே இறக்கு.

கறுப்புச் சப்பாத்து, நாம் வேடிக்கையாக அடிடாஸ் கம்போங் என்று சொல்வதுதான். அதன் சோல் தடித்தது இல்லை, ஆனால் கிரேப் துண்டு பக்கத்தில் வை. ஒன்று வேக வைத்த ரப்பர், ஒன்று வேக வைக்காதது. இரண்டையும் பிள்ளைகள் நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும். கிரேப் துண்டுக்கு அடியில் மட்டும் துணி வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தட்டில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி அதன் மேல் வை. மண்டபத்து ஜன்னல் வெயில் படாத பக்கமாகப் பார்த்து வை.